அரசுக்குக் கடன் கொடுத்த தோட்டத் தொழிலாளி

அப்புத்தளை, பண்டாரவளை, ஹல்துமுல்லைப் பகுதிப் பெருந்தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் ஒரு தொழிலாளியின் சம்பளச் சீட்டில் வருமான வரி என்றொரு பதிவு இருப்பதில்லை. ஆனால் சேமலாப நிதிக்கென அவருடைய சம்பளத்தில் 8 சதவீதம் மாதந்தோறும் கழிக்கப்படுவதும், தோட்ட நிர்வாகம் தன் பங்காக 12 சதவீதத்தைச் சேர்த்துச் செலுத்துவதும் 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதியச் சட்டப்படி நடைபெற்று வருகின்றன. இவ்வாறு நாடெங்கும் தனியார் துறைத் தொழிலாளரிடமிருந்து திரளும் பணத்தை நிர்வகிக்கும் மத்திய வங்கி, அதில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேலானதை அரசாங்கத்தின் கடன் பத்திரங்களிலேயே முதலீடு செய்து வைத்திருக்கிறது. ஆகவே இலங்கையின் தேசியக் கடனைப் பற்றிய பேச்சு கொழும்பிலும் வாஷிங்டனிலும் நடக்கும் கனவான்களின் விவகாரமாகத் தோன்றினாலும், அந்தக் கடனைக் கொடுத்தவர்களின் வரிசையில் லயத்தில் வாழும் அந்தத் தொழிலாளியும் நிற்கிறார் என்பதே உண்மை. கொடுத்த கடனைத் திருப்பிக் கட்டுவதற்கான வரியையும் அவரே செலுத்துகிறார் என்பது இந்த விவகாரத்தின் மறுபக்கம்.

அரசாங்கம் ஓராண்டில் வரியாகவும் பிற வழிகளிலும் பெறும் வருமானத்தைவிட அதிகமாகச் செலவு செய்யும்போது எழும் இடைவெளி வரவு செலவுத் திட்டப் பற்றாக்குறை எனப்படுகிறது; ஆண்டுதோறும் எழும் அந்தப் பற்றாக்குறைகளை நிரப்ப வாங்கிய கடன்களில் இன்னும் அடைக்கப்படாமல் நிற்கும் மொத்தத் தொகையே அரச படுகடன். உள்நாட்டில் கடன் வாங்கும்போது திறைசேரி இருவகைப் பத்திரங்களை விற்கிறது: ஓராண்டுக்குள் முதிர்பவை திறைசேரி உண்டியல்கள், பல ஆண்டுகள் கழித்து முதிர்பவை திறைசேரி முறிகள். வெளிநாட்டில் வாங்கும் கடன் வேறு அரசுகளிடமிருந்தோ, உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி போன்ற நிறுவனங்களிடமிருந்தோ, அல்லது டொலரில் வெளியிடப்படும் சர்வதேச முறிகளை வாங்கும் முதலீட்டாளர்களிடமிருந்தோ வருகிறது. கடன் பெருகுவதே கேடு என்ற பொதுவான எண்ணம் முழுவதும் சரியன்று. யப்பானின் அரச கடன் அந்நாட்டின் ஓராண்டு உற்பத்தியைப்போல் இருமடங்குக்கும் அதிகமாக இருந்தும் அந்நாடு முறிந்துபோகவில்லை, ஏனெனில் அக்கடன் பெரும்பாலும் யப்பானியரிடமே யப்பானிய நாணயத்தில் பெறப்பட்டது. எந்த நாணயத்தில் வாங்கப்பட்டது, எதற்குச் செலவிடப்பட்டது, அதை அடைப்பதற்கான வருமானம் எங்கிருந்து வரும் என்பவற்றையே கடனின் அளவுக்கு முன்பாகக் கேட்க வேண்டும்.

இந்தக் கேள்விகளுக்கு நல்ல விடை கிடைத்த காலமும் ஊவா மலைகளுக்கு உண்டு. மலைநாட்டு ரயில் பாதை 1885இல் நானுஓயாவையும் 1893இல் அப்புத்தளையையும் 1894இல் பண்டாரவளையையும் எட்டியது. பதுளையை அது சென்றடைய 1924 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குடியேற்ற அரசாங்கம் ரயில் பாதைக்காகவும் கொழும்புத் துறைமுக அலைதாங்கிச் சுவருக்காகவும் லண்டனில் கடன் வாங்கியது உண்மையே. ஆயினும் அந்தக் கடனில் எழுந்த பாதை 1890இல் தோமஸ் லிப்டன் வாங்கிய தம்பேதன்னை போன்ற தோட்டங்களின் தேயிலையைத் துறைமுகத்துக்குக் கொண்டுசென்றது, அத்தேயிலை ஸ்டேர்லிங் பவுணை ஈட்டியது, கடனும் அதே பவுணில் அடைக்கப்பட்டது. கடன் எந்த நாணயத்திலோ வருமானமும் அதே நாணயத்தில் என்ற பொருத்தம் அன்று இருந்தது. மலை குடைந்து பாதை போட்டவர்களுக்கும் கொழுந்து பறித்தவர்களுக்கும் அந்தக் கணக்கில் கிடைத்த பங்கு மிகச் சொற்பம் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு நேராகும்.

சுதந்திரத்துக்குப் பின்னும் பல ஆண்டுகள் திறைசேரியின் பெரிய ஊற்றாகத் தேயிலை ஏற்றுமதித் தீர்வையே விளங்கியது. இலவசக் கல்வி, இலவச மருத்துவம், மானிய விலை அரிசி ஆகிய நலத்திட்டங்களின் செலவில் கணிசமான பங்கைப் பெருந்தோட்டங்கள் சுமந்தன. ஆனால் அந்தச் செல்வத்தை ஈட்டிக் கொடுத்த மக்களில் மிகப் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் குடியுரிமையை இழந்து, தொடர்ந்து வாக்குரிமையையும் இழந்தனர். 1953இல் அரிசியின் பங்கீட்டு விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது எழுந்த ஹர்த்தால் ஒரு பிரதமரையே பதவி விலகச் செய்தது. அதன் பின்னர் எந்த அரசாங்கமும் மானியத்தில் கைவைக்க எளிதில் துணியவில்லை; இடைவெளியைக் கடன் நிரப்பியது. 1965இல் முதன்முறையாகச் சர்வதேச நாணய நிதியத்தின் கதவைத் தட்டிய இலங்கை, 2023இல் 17ஆவது முறையாகத் தட்டியதற்கான விதை இந்தப் பழக்கத்திலேயே இருக்கிறது.

நெடுங்காலம் வெளிநாட்டுக் கடனில் பெரும்பகுதி சலுகைக் கடனாக இருந்தது; அதாவது வட்டி குறைவு, தவணைக்காலம் பல பத்தாண்டுகள். நாடு நடுத்தர வருமான நிலைக்கு உயர்ந்ததும் அத்தகைய கடன் சுருங்கியது. 2007இல் இலங்கை முதலாவது சர்வதேச முறியை வெளியிட்டு, 8.25 சதவீத வட்டியில் ஐந்தாண்டுத் தவணைக்கு 500 மில்லியன் டொலரைத் திரட்டியது. அதன்பின் முதிர்ந்த முறியை அடைக்கப் புதிய முறி வெளியிடுவது வழக்கமாகி, அவற்றின் நிலுவை 12 பில்லியன் டொலரைக் கடந்தது (ஒரு பில்லியன் என்பது நூறு கோடி). அம்பாந்தோட்டைத் துறைமுகமும் மத்தளை விமான நிலையமும் சீனக் கடனின் அடையாளங்களாக உலகெங்கும் பேசப்பட்டாலும், இலங்கையை மூச்சுத் திணற வைத்தது அவற்றைவிடப் பெரியதும் அவசரமானதுமான இந்த முறிக்கடனே. திரட்டிய டொலர் எவ்வளவு டொலரை ஈட்டித்தரும் வேலைகளில் இடப்பட்டது என்ற கேள்வியை அக்காலத்தில் கேட்டோர் மிகச் சிலர்.

வெளிநாட்டுக் கடனில் தொடங்கும் திட்டம் எவ்வாறு உள்நாட்டுச் சுமையாக மாறும் என்பதை அறிய அம்பாந்தோட்டை வரை போகவேண்டியதில்லை. பண்டாரவளையை அண்டிய உமாஓயா பல்நோக்குத் திட்டமே போதும். 2008இல் ஈரானிய ஜனாதிபதி மஹ்மூத் அஹ்மதிநெஜாத்தின் வருகையோடு தொடங்கிவைக்கப்பட்ட இத்திட்டம், உமாஓயாவின் நீரை மலைக்கு அடியிலான சுரங்கத்தின் வழியே கொண்டுசென்று 120 மெகாவாட் மின்சாரம் உற்பத்தி செய்து, பின்னர் அதை மொனராகலை, அம்பாந்தோட்டை மாவட்டங்களின் வறண்ட நிலங்களுக்குப் பாய்ச்சுவதை நோக்கமாகக் கொண்டது. மதிப்பிடப்பட்ட 529 மில்லியன் டொலரில் 85 சதவீதத்தை ஈரானின் ஏற்றுமதி அபிவிருத்தி வங்கி கடனாகத் தர இருந்தது. ஈரான் மீதான சர்வதேசத் தடைகளால் ஏறத்தாழ 50 மில்லியன் டொலரோடு அந்தக் கடன் நின்றுபோக, ஈரானிய நிறுவனமே தொடர்ந்து கட்டிய திட்டத்துக்கு எஞ்சிய செலவை இலங்கை அரசாங்கம் தன் நிதியிலிருந்தே கொடுக்க வேண்டியதாயிற்று. 2014இன் இறுதியில் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பீறிட்டதையடுத்துப் பண்டாரவளைப் பிரதேசத்தில் கிணறுகள் வற்றின, வீடுகளின் சுவர்கள் வெடித்தன; கசிவு மீண்டும் தலைதூக்கியபோது, 2017 ஜூனில் அந்நகரில் பெரும் ஆர்ப்பாட்டம் நடந்தது. திறப்பு விழா 2024 ஏப்ரல் 24 அன்று மற்றோர் ஈரானிய ஜனாதிபதியான இப்ராஹிம் ரைசியின் முன்னிலையில் நிகழ்ந்தது.

இத்திட்டத்தை வீண்செலவு என்று ஒதுக்கிவிட இயலாது. நீர்மின்சாரம் எண்ணெய் இறக்குமதியைக் குறைத்து டொலரை மிச்சப்படுத்துகிறது, தாழ்நில விவசாயிக்கு நீரும் கிடைக்கிறது. ஆனால் நன்மை ஓரிடத்திலும் பாதிப்பு வேறிடத்திலும் விழுந்ததையும், வற்றிய கிணறும் வெடித்த சுவரும் 529 மில்லியன் டொலர் என்ற மதிப்பீட்டுக்குள் இடம்பெறாததையும் கணக்கிட்டால், ஒரு திட்டத்தின் உண்மையான செலவு திறைசேரியின் ஏட்டில் எழுதப்படுவதோடு முடிவதில்லை என்பது விளங்கும். ஈரானோடு இலங்கைக்கு இன்னொரு கடன் கணக்கும் உண்டு: முன்னர் வாங்கிய எண்ணெய்க்குரிய 251 மில்லியன் டொலர் நிலுவையை மாதம் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலையால் தீர்ப்பதென 2021 டிசம்பரில் ஓர் உடன்பாடு கைச்சாத்தாகி, 2023இல் தேயிலை அனுப்பும் வேலை தொடங்கியது. கடனைத் தேயிலை அடைக்கிறது என்பது இங்கே உவமையல்ல.

செலவுப் பக்கத்தின் குறைகள் எவ்வளவு இருந்தாலும், இலங்கையின் வீழ்ச்சியை விரைவுபடுத்தியது வருமானப் பக்கத்தில் நேர்ந்த ஒரு முடிவே. 2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலுக்குப் பின், வற் என்று வழங்கும் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. தேசக் கட்டுமான வரியும் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் பிடிக்கப்படும் வரியும் நீக்கப்பட்டன. ஆண்டு வருமானம் 30 இலட்சம் ரூபாய் வரை வரியில்லை என்றும் ஆயிற்று. அடுத்து வந்த கொவிட் பெருந்தொற்றும் சேர்ந்துகொள்ள, 2021இல் அரச வருமானம் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில், அதாவது ஓராண்டில் நாட்டில் உண்டாகும் பொருள்களும் சேவைகளும் பெறும் மொத்த மதிப்பில், 8.3 சதவீதமாகச் சரிந்தது. உலகில் மிகக் குறைந்த வரி திரட்டிய நாடுகளுள் ஒன்றாயிற்று இலங்கை. அவ்வாண்டு கிடைத்த ஒவ்வொரு நூறு ரூபாய் வருமானத்திலும் எழுபது ரூபாய்க்கு மேல் வட்டிக்கே போனது. மீதமிருந்ததில் ஆசிரியர், தாதியர், படையினர் ஆகியோரின் சம்பளத்தைக்கூட முழுதாகக் கொடுக்க முடியாத நிலையில் மத்திய வங்கி பணத்தை அச்சிட்டு அரசாங்கத்துக்குக் கொடுத்தது.

அந்நியச் செலாவணியை மிச்சப்படுத்தும் நோக்கமும் கலந்திருந்த மற்றொரு முடிவு 2021 மே மாதத்தில் வந்த இரசாயன உர இறக்குமதித் தடையாகும். சில மாதங்களில் அது கைவிடப்பட்டபோதிலும் தேயிலைச் செடி அந்த அதிர்ச்சியிலிருந்து உடனே மீளவில்லை. 2021இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோவாக இருந்த உற்பத்தி 2022இல் 251 மில்லியன் கிலோவுக்கு வீழ்ந்தது. டொலரைக் காப்பாற்றப் போய், டொலரை ஈட்டித்தரும் பயிரையே வாட்டிய இம்முடிவு, பற்றாக்குறைக் காலத்தில் அரசுகள் செய்யும் பிழைகளுக்குப் பாடநூலில் இடம்பெறத் தக்கது. 2022 ஜனவரியில் கையிருப்பு வற்றிக்கொண்டிருந்த வேளையிலும் முதிர்ந்த 500 மில்லியன் டொலர் சர்வதேச முறி முழுதாக அடைக்கப்பட்டது. தேயிலை ஏற்றுமதியால் நாடு அப்போது ஆண்டுக்கு ஈட்டியது ஏறத்தாழ 1.3 பில்லியன் டொலர் என்பதால், அந்த ஒரே நாளில் கொடுக்கப்பட்ட தொகை இலங்கையின் எல்லாத் தோட்டங்களும் நான்கு மாதங்களுக்கு மேல் உழைத்துச் சேர்த்ததற்குச் சமம். மூன்று மாதங்களில், ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. 1948க்குப் பின் இலங்கை கடனைச் செலுத்தத் தவறியது அதுவே முதன்முறை.

அந்த முறிவு மலைக்கு ஏறி வந்த வழி நாணய மதிப்பும் விலைவாசியுமாகும். டொலருக்கு 200 ரூபாயளவில் பிடித்து வைக்கப்பட்டிருந்த நாணய மாற்று வீதம் 2022 மார்ச்சில் தளர்த்தப்பட்டதும் விரைவில் 360 ரூபாயளவுக்குச் சென்றது. 2021இல் சம்பள நிர்ணய சபையின் வழியாகத் தோட்டத் தொழிலாளிக்குக் கிடைத்த 1000 ரூபாய் நாட்சம்பளம் அப்போது ஏறத்தாழ 5 டொலருக்குச் சமமாக இருந்தது. அதே ஆயிரம் ஓராண்டில் 3 டொலருக்கும் குறைவாயிற்று. அவர் பறித்த கொழுந்து டொலரில் விலைபோனது, அவர் உண்ட ரொட்டிக்கான கோதுமை டொலரில் வந்தது, அவருடைய சம்பளம் மட்டும் ரூபாயில் நின்றது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே இரவில் ஏறியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. உணவுப் பொருள்களின் பணவீக்கம் 94.9 சதவீதம். பணவீக்கத்தை வரி என்று எந்தச் சட்டமும் அழைப்பதில்லை. எனினும் அச்சிட்ட பணத்தால் அரசாங்கம் தன் செலவைச் சமாளிக்கும்போது, அதற்கான விலை நிலையான சம்பளம் பெறுவோரின் வாங்கும் சக்தியிலிருந்தே எடுக்கப்படுவதால், விளைவில் அது வரியே. 2023ஆம் ஆண்டின் புதிய மத்திய வங்கிச் சட்டம் இவ்வாறு அரசாங்கத்துக்கு நேரடியாகப் பணம் அச்சிட்டுக் கொடுப்பதைத் தடைசெய்தது.

கடன் மறுசீரமைப்பு என்பது கொடுத்தவர்களோடு பேசி, தொகையைக் குறைத்தோ வட்டியைத் தாழ்த்தியோ தவணையை நீட்டியோ கடனைத் தாங்கக்கூடிய அளவுக்குக் கொண்டுவருவதாகும். 2023 மார்ச் 20 அன்று சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் உதவிக்கு ஒப்புதல் அளித்தபோது, 2032க்குள் கடனை மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 95 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டுமென்ற இலக்கும் விதிக்கப்பட்டது. வெளிநாட்டார் மட்டும் இழப்பை ஏற்கமாட்டார்கள், உள்நாட்டிலும் யாராவது பங்கேற்க வேண்டும் என்ற நிலையில் கை வைக்கப்பட்ட இடம் சேமலாப நிதியம். 2023 ஜூலை 1 அன்று நாடாளுமன்றம் 62க்கு எதிராக 122 வாக்குகளால் ஏற்றுக்கொண்ட உள்நாட்டுப் படுகடன் மறுசீரமைப்புத் திட்டத்தின்படி, நிதியத்தின் கையிலிருந்த பழைய முறிகளுக்குப் பதிலாக, 2025 வரை 12 சதவீதமும் அதன்பின் 9 சதவீதமும் வட்டி தரும் நீண்டகால முறிகள் கொடுக்கப்பட்டன. மாற்றிக்கொள்ள மறுத்தால் நிதியத்தின் வருமானத்துக்கு 30 சதவீத வரி என்பது மாற்றுவழி. வங்கிகளின் கையிலிருந்த திறைசேரி முறிகள் தொடப்படவில்லை. வங்கிகள் ஏற்கனவே கூடிய வரி செலுத்துகின்றன, அவற்றை அசைத்தால் வைப்பாளர்கள் பதறுவார்கள் என்ற அரசாங்கத்தின் வாதத்தில் பொருள் இல்லாமலில்லை. ஆயினும் வங்கியின் பங்குதாரர் தன் பணத்தை வேறிடத்துக்கு மாற்ற முடியும். பெண் ஐம்பது, ஆண் ஐம்பத்தைந்து வயதை எட்டும்வரை சேமலாப நிதியைப் பொதுவாக முழுதாக எடுக்க வழியற்ற தொழிலாளிக்கு அந்தத் தெரிவு இல்லை. நெருக்கடி ஆண்டான 2022க்கு உறுப்பினர் கணக்கில் வரவு வைக்கப்பட்ட வட்டி 9 சதவீதம். அவ்வாண்டின் சராசரிப் பணவீக்கமோ 46 சதவீதத்துக்கு மேல். ஓய்வுக்காலத்துக்கென ஒதுக்கிய பணம் எண்ணிக்கையில் கூடியபடியே மதிப்பில் கரைந்தது.

பிறருடைய முடிவால் எழுந்த கடனின் சுமையை ஏற்பது மலையகத்துக்கு முற்றிலும் புதியதன்று. தென்னிந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்ட தொழிலாளியின் கப்பல் செலவும் வழிச்செலவும் அவர் பெயரிலேயே கங்காணியின் ஏட்டில் கடனாக எழுதப்பட்டு, அக்கடனைக் குறிக்கும் துண்டு இல்லாமல் அவர் வேறு தோட்டத்துக்குப் போக முடியாதிருந்த முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கடன் வாங்கும் முடிவை ஒருவர் எடுக்க, சுமை மற்றொருவர் பெயரில் ஏறும் அந்த அமைப்பை நன்கறிந்த சமூகத்துக்குத் தேசியக் கடனின் இயல்பை விளக்க அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

வரிச்சுமையின் பங்கீட்டிலும் இதே சாய்வு தெரிகிறது. 2022இல் 8 சதவீதத்திலிருந்து 12க்கும் பின்னர் 15க்கும் உயர்த்தப்பட்ட வற் வரி, 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதமாயிற்று. வருமானத்துக்கேற்ப ஏறும் நேர்வரியைப் போலன்றிப் பொருளின் விலையோடு ஒட்டிவரும் மறைமுக வரி, வாங்குபவர் தோட்டத்துரையா தொழிலாளியா என்று பார்ப்பதில்லை. சம்பாதிப்பதை முழுவதும் செலவழித்துத் தீர்க்கவேண்டிய குடும்பமே தன் வருமானத்தில் கூடிய விகிதத்தை அவ்வாறு செலுத்துகிறது. நெருக்கடிக்கு முன்பே, 2019இன் அரச கணக்கெடுப்பில், நாட்டின் வறுமை வீதம் 14.3 சதவீதமாக இருக்கையில் பெருந்தோட்டத் துறையின் வீதம் 33.8 சதவீதமாக இருந்தது. பொருளாதார நெருக்கடிக்கு அன்றைய ஆட்சியாளர் சிலரும் உயர் அதிகாரிகளும் பொறுப்பென்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது வரலாற்றில் நிற்கும் தீர்ப்பே, என்றாலும் இழந்ததை அதனால் எவருக்கும் மீட்டுக்கொடுக்க முடியவில்லை.

இனி அரசாங்கம் செலவழிக்கும் கை கட்டப்பட்டிருக்கிறது. 2024ஆம் ஆண்டின் அரச நிதி முகாமைத்துவச் சட்டம், வட்டி நீங்கலான செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 13 சதவீதத்துக்குள் வைக்கவேண்டும் என்கிறது. அந்த எல்லைக்குள்ளேயே 2026ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1350 ரூபாயிலிருந்து 1550 ஆக உயர்த்தவும், வேலைக்கு வரும் நாளொன்றுக்கு அரசாங்கமே 200 ரூபாய் வழங்கவும் முன்மொழிந்து, அதற்கென 5000 மில்லியன் ரூபாயை ஒதுக்கியது. தனியார் கம்பனிகள் கொடுக்க வேண்டிய சம்பளத்தின் ஒரு பகுதியைப் பொதுப்பணத்தால் கொடுப்பது சரியா என்ற கேள்வி நியாயமானது. நூறாண்டுகளாகத் தேயிலையிலிருந்து திறைசேரி எடுத்ததற்கு எதிரே வைத்துப் பார்த்தால் இத்தொகை சிறியது என்ற விடையும் நியாயமானது. அத்திட்டம் முன்வைக்கப்பட்ட அதே 2025 நவம்பரில் வந்த டித்வா புயல் பதுளை மாவட்டத்து மலைச்சரிவுகளைப் பெயர்த்து, நாடு முழுவதிலும் ஏறத்தாழ 4.1 பில்லியன் டொலர் பெறுமதியான நேரடிச் சேதத்தை உண்டாக்கியதாக உலக வங்கி மதிப்பிட்டது. 2014இல் ஹல்துமுல்லையின் மீரியபெத்தையில் லயங்களை மண் மூடிய பின்னரும் ஆபத்தான சரிவுகளிலிருந்து குடும்பங்களை அகற்றும் வேலைக்குப் போதிய பணம் ஒதுக்கப்படவில்லை. அவ்வேலையைத் தள்ளிப்போட்டு மிச்சம் பிடித்ததாக எண்ணிய தொகையைவிடப் பெரிய தொகை புயலுக்குப் பின் அவசரக் கடனாக வந்து சேர்ந்தது. டிசம்பரில் சர்வதேச நாணய நிதியம் கொடுத்த அவசர உதவி மட்டும் 206 மில்லியன் டொலர். உரிய காலத்தில் செய்யாத செலவும் ஒருவகைக் கடன்தான். எந்தப் படுகடன் அட்டவணையிலும் அது காட்டப்படுவதில்லை.

பிற அரசுகளுக்குரிய கடனின் தவணைகள் 2028இல் மீண்டும் தொடங்கி 2043 வரை நீளும் வகையில் 2024 ஜூனில் உடன்பாடு எட்டப்பட்டது. சர்வதேச முறிகளும் அவ்வாண்டு டிசம்பரில் புதிய முறிகளாக மாற்றப்பட்டன. இந்தக் காலம் முழுவதும் ஒவ்வோர் ஆண்டும் வரவு செலவுத் திட்டம் வரும், ஒவ்வொரு முறையும் தோட்டத் தொழிற்சங்கங்கள் நாட்சம்பளத்தைப் பற்றிப் பேசும். அதோடு இன்னும் இரண்டு கேள்விகளையும் அவை எழுப்ப வேண்டும்: மா, பருப்பு, மண்ணெண்ணெய், பாடசாலைப் பொருள் ஆகியவற்றின் மீது எவ்வளவு வரி விழுகிறது, சேமலாப நிதியத்துக்கு அறிவிக்கப்படும் வட்டி அவ்வாண்டின் விலைவாசி உயர்வை ஈடுசெய்கிறதா? கடன் கொடுத்த எவருக்கும் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. வெளிநாட்டு முறிக்காரர்கள் தங்கள் சட்டத்தரணிகளை அனுப்பி அதைக் கேட்டார்கள், தோட்டத் தொழிலாளியின் சார்பில் அதைக் கேட்கவேண்டிய பொறுப்பு அவருடைய சங்கங்களுக்கும் பதுளை மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் உரியது.